ஆங்கிலச் சொல்வளம்: தெரிந்த மலாய்ச் சொல்லிலிருந்து தொடங்குவோம்



எஸ்.பி.எம். முடித்து மூவெட் தேர்வுக்குத் தயாராகும் பலர், சமய வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எப்படிப் படிக்கிறது?" அகராதியை 'ஏ' எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கி, 'பி' வருவதற்குள் மூடி வைத்தவர்களும் உண்டு. நான் பொறியியல் மாணவன், மொழி ஆசிரியர் இல்லை. ஆனால் விரிவுரையும் ஆய்வுக்கூட அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் என்பதால் இந்த வேலையை நானும் தினமும் செய்கிறேன். எனக்குப் பயன்பட்ட முறையைப் பாடமாகவே தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கோங்க.

1. எது உயர்நிலைச் சொல்?

நீளமான சொல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சொல்ல வந்ததைத் துல்லியமாகச் சொல்லும் சொல்தான் உயர்நிலைச் சொல். அக்யுரெட், பிரிசைஸ் என்ற இரண்டையும் பாருங்கள். பேச்சில் இரண்டும் 'சரியான' என்றுதான் பொருள்படும். அளவியலில் அப்படி இல்லை. 60 கிலோ ஆளை எத்தனை முறை நிறுத்தாலும் 62 கிலோ என்றே காட்டும் தராசு பிரிசைஸ். ஆனால் அக்யுரெட் இல்லை. ஒரே மாதிரி காட்டுவது வேறு, உண்மையைக் காட்டுவது வேறு. இந்த வேறுபாடு தெரிந்தவன் எழுதும் கட்டுரையில் ஒரு தெளிவு இருக்கும்.

அப்படியானால் எந்தச் சொற்களை முதலில் படிப்பது? நியூசிலாந்து மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். பல துறைகளின் கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. தினமும் 5 குடும்பம், வாரத்தில் 5 நாள் என்று படித்தால் 23 வாரத்தில் முழுப் பட்டியலும் முடிந்துவிடும். ஆறு மாதம்கூட ஆகாது.

2. பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

570 என்றதும் பயப்படாதீங்க. இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் மலாயில் வரலாறும் அறிவியலும் படித்திருக்கிறோம். அப்போது படித்த இந்தச் சொற்களைப் பாருங்கள்:

'சி' என்று முடியும் மலாய்ச் சொல், ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும். இம்ப்ளிகாசி, இம்ப்ளிகேஷன். எவொலுசி, எவல்யூஷன். இந்தர்பிரெதாசி, இன்டர்பிரெட்டேஷன்.

'இதி' என்று முடிவது 'இட்டி' ஆகும். பிரியோரிதி, பிரயாரிட்டி. இடெந்திதி, ஐடென்டிட்டி. கொமுனிதி, கம்யூனிட்டி.

'இஃப்' என்று முடிவது 'இவ்' ஆகும். ஒப்ஜெக்திஃப், ஆப்ஜெக்டிவ். கொம்ப்ரெஹென்சிஃப், காம்ப்ரிஹென்சிவ். இனிசியாதிஃப், இனிஷியேட்டிவ்.

நான் மேலே எழுதிய ஒன்பதுமே அந்த 570 குடும்பங்களைச் சேர்ந்தவைதான். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்லும் தம்பிக்கு இவற்றின் பொருள் படிவம் நான்கிலேயே தெரிந்திருக்கும். உச்சரிப்பையும் எழுத்துக்கூட்டலையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சொல்லும் இப்படி வராது. மலாயில் பிரெஸ்தாசி என்றால் அடைவுநிலை. அது டச்சு மொழி வழியாக வந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பெர்ஃபாமன்ஸ் என்றுதான் எழுத வேண்டும். ஆகவே ஊகித்த பிறகு அகராதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

3. வேரைப் பிடித்தால் கிளை வரும்

தமிழில் கல்வி, கற்றல், கற்பித்தல் மூன்றையும் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 'கல்' என்ற வேர் தெரியும், மற்றது தானாக வரும். ஆங்கிலத்திலும் அதே கதைதான். 'ஸ்பெக்ட்' என்பது பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர். இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே பார்ப்பது, அதாவது சோதிப்பது. ப்ராஸ்பெக்ட் என்றால் முன்னே பார்ப்பது, அதாவது வருங்கால வாய்ப்பு. ரெட்ரோஸ்பெக்ட் என்றால் பின்னால் திரும்பிப் பார்ப்பது. ஸ்பெக்டேட்டர் பார்வையாளர். பெர்ஸ்பெக்டிவ் கண்ணோட்டம், தமிழ்ச் சொல்லுக்குள்ளேயும் 'கண்' இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு வேர், ஐந்து சொல்.

4. சொல்லுக்கும் துணை வேண்டும்

மலாயில் மழை 'லெபாட்', காப்பி 'பெக்காட்'. இடம் மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆங்கிலத்திலும் மழைக்கு ஹெவி, காப்பிக்கு ஸ்ட்ராங். எனவே எந்தச் சொல்லையும் தனியாக எழுதி வைக்காதீர்கள். நோட்டில் ஒரு சொல்லுக்கு நான்கு வரி ஒதுக்குங்கள்: சொல், அதை எங்கே படித்தீர்களோ அந்த முழு வாக்கியம், அதன் குடும்பம், நீங்களே எழுதிய ஒரு வாக்கியம்.

படித்தது மறக்கத்தான் செய்யும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே இதை அளந்து காட்டினார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகும். அதனால் மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரத்தில், பிறகு ஒரு மாதத்தில் புரட்டுங்கள். அர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். சும்மா திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும், பரீட்சையில் வராது.

5. நம் கதையை நாமே சொல்ல

இது மூவெட்டுக்கு மட்டும் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் சீன நண்பரோ மலாய் நண்பரோ தைப்பூசத்தைப் பற்றிக் கேட்கும்போது, "அது எங்க பிரேயர்ஸ் லா" என்று முடித்துவிடுகிறோம். பத்துமலையில் 272 படி ஏறிய நமக்கு, ஏன் ஏறினோம் என்று சொல்ல நாலு வார்த்தை இல்லை. நேர்த்திக்கடனுக்கு வௌ என்ற சொல் இருக்கிறது. வேண்டிக்கொள்வது மேக் எ வௌ, நிறைவேற்றுவது ஃபுல்ஃபில் எ வௌ. தவத்துக்குப் பெனன்ஸ், ஊர்வலத்துக்குப் புரொசெஷன், கும்பாபிஷேகத்துக்குக் கான்சிக்ரேஷன்.

சொல்லின் நிறத்தையும் பாருங்கள். ஐடல் என்ற சொல்லில், பொய்த் தெய்வம் என்ற பழைய ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெய்டி என்றால் மரியாதை இருக்கிறது. மூர்த்தி என்று அப்படியே சொல்லிவிட்டு விளக்குவது இன்னும் நல்லது.

நாம் விளக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில அகராதியிலேயே சாட்சி உண்டு. ஜக்கர்நாட் என்ற சொல்லுக்கு, எதிரே வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் பெரும் சக்தி என்று பொருள். அது பூரி ஜகந்நாதரின் பெயர். பக்தர்கள் தேர்ச்சக்கரத்தில் விழுந்து சாகிறார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதினார்கள். அந்தக் கதையிலிருந்து சொல் பிறந்தது. 'உலகத்தின் நாதர்' என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் கிடைத்த பொருள் அது.

பயிற்சி: காவடியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு நண்பருக்கு, ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியத்தில் விளக்கி எழுதுங்கள். மேலே உள்ள சொற்களில் மூன்றாவது வர வேண்டும். எழுதியதை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க, சத்தமாகப் படித்துப் பார்ப்போம்.