சூழல் பாடம்: பொருள் வாங்கும் முன் வளாகத்தை அளந்து பாருங்கள்

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இந்தப் பாடத்தை நடத்த என்னென்ன வாங்க வேண்டும்?” என்பதுதான். மாதிரி உருவங்கள், வண்ணப் படங்கள், காணொளித் தொகுப்புகள் என்று பட்டியலும் கையோடு இருக்கும். முதல் பருவத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு தராசு, ஓர் அளவுகோல், அளவு குறித்த ஒரு குவளை, கையுறைகள், ஒரு நீளமான நோட்டு போதும். மற்றவை உங்கள் வளாகத்திலேயே இருக்கின்றன.

சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இலேயே சொல்லிவிட்டது. பள்ளிகளில் மன்றங்களை அமைக்கும் தேசிய பசுமைப் படை 2001இல் தொடங்கியது. இருந்தும் பாடம் மாணவரிடம் தங்குவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஜூன் 5 (சுற்றுச்சூழல் தினம்), செப்டம்பர் 16 (ஓசோன் தினம்) என்று நாள் குறித்து விழா எடுத்துவிட்டு மீதி ஆண்டை நாம் மறந்துவிடுகிறோம். இன்னொன்று, உருகும் துருவப் பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு அதைப் பார்க்கவும் முடியாது, அதற்காக எதையும் செய்யவும் முடியாது. கையால் தொடாத பாடம் தேர்வோடு போய்விடும்.

பாடம் வழிதவறியிருப்பதற்கு அறிகுறிகள் உண்டு. சுற்றுச்சூழல் தினத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பது ஒன்று. ‘கழிவிலிருந்து கலைப்பொருள்’ போட்டிக்காகப் பிள்ளைகள் கடையில் புதிதாக பிளாஸ்டிக் கப் வாங்கி வருவது இன்னொன்று. செடி பட்டுப்போய்க் கூண்டு மட்டும் நிற்பதும் அப்படித்தான். இவற்றில் ஒன்று உங்கள் பள்ளியில் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். எளிதில் சரிசெய்யலாம்.

முதல் கருவி, குப்பை. ஒரு நாள் சேர்ந்த குப்பையை நிழலில் பழைய சாக்கின் மேல் கொட்டுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, நாப்கின் போன்றவற்றை ஆசிரியர் முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களே கையுறையோடு பிரிக்கட்டும். உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், மற்றவை என நான்கு குவியலாக்கி எடை போடுங்கள். பிஸ்கட், சிப்ஸ் உறைகள் தராசில் ஒன்றுமே காட்டாது. ஆகவே அவற்றை எண்ணவும் வேண்டும். ஓர் உறையைக் கசக்கி விடச் சொல்லுங்கள். வெள்ளிபோல மின்னினாலும் அது மெல்ல விரிந்துகொள்ளும். வெறும் அலுமினியத் தாள் கசங்கியபடியே கிடக்கும். விரிவது பல அடுக்கு உறை (பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு ஏற்றி ஒட்டியது). அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் பழைய பொருள் வியாபாரி அதை வாங்குவதில்லை. மறுசுழற்சியின் எல்லை எது என்பது அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. குப்பை பிரிக்கும் வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட சில மாணவர்களுக்கு மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். எல்லாரும் முறை வைத்துச் செய்யட்டும், ஆசிரியரும் கையுறை போட்டுக்கொண்டு கூட நிற்கட்டும். கழிப்பறை சுத்தம் செய்வதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பில்லை.

பிரித்த உணவுக் கழிவை உரமாக்கலாம். துளையிட்ட மண்தொட்டியில் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரு பங்கு காய்ந்த சருகு போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகும். எதுவும் மட்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் குறைவு. இரண்டு, மூன்று மாதங்களில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும்.

இரண்டாவது கருவி, தண்ணீர். சொட்டும் குழாயின் கீழ் குவளையைப் பத்து நிமிடம் வையுங்கள். 100 மில்லி லிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர் வீணாகிறது. கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். பெரும்பாலும் அந்தக் குழாய்க்கு வேண்டியது ஒரு வாஷர்தான். மழைக்காலத்தில், பக்கங்கள் நேராக உள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர். அது எங்கே போகிறது? தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியின் மழைநீர்க் குழாய் தொட்டியில் சேர்கிறதா, அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்று வகுப்பையே பார்த்து வரச் சொல்லுங்கள்.

மின்சாரத்துக்குப் பள்ளியின் மின்கட்டணக் கணக்கே போதும். 75 வாட் மின்விசிறி ஏறக்குறைய 13 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரு மாதக் கணக்கை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, மரமும் பறவையும். வளாகத்துப் புங்கையையோ வேம்பையோ ஒரு குழுவிடம் ஒப்படைத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பதிவுகளைச் ‘சீசன்வாட்ச்’ என்னும் மக்கள் அறிவியல் (பொதுமக்கள் திரட்டும் தரவு) திட்டம் இந்தியா முழுவதும் தொகுக்கிறது. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததைப் பதிந்தாலே கலந்துகொள்ளலாம். வாசிப்புக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் உண்டு. ஆய்வில் ஆர்வமுள்ளவர்களைத் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம்.

அளந்தால் மட்டும் போதாது. அளந்ததை உரியவரிடம் கொண்டுசேர்ப்பதில்தான் குடிமைப் பண்பு தொடங்குகிறது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பது அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு சொல்லும் அடிப்படைக் கடமை. மாணவர்கள் நான்கு செய்திகள் உள்ள ஒரு மனு எழுதட்டும்: என்ன பார்த்தோம், எவ்வளவு அளந்தோம், என்று அளந்தோம், என்ன வேண்டுகிறோம். குழாய் என்றால் தலைமையாசிரியரிடம், தெருக் குப்பை என்றால் ஊராட்சித் தலைவர் அல்லது வார்டு உறுப்பினரிடம் கொடுக்கலாம். கிராம சபையில் உறுப்பினராக இருப்பவர்கள் வாக்காளர்கள். ஆகவே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டங்களுக்குப் பெற்றோர் வழியாக அனுப்புங்கள். ஒப்புகையை நோட்டில் ஒட்டிவைத்து, ஒரு மாதம் கழித்து நினைவூட்டுக் கடிதம் எழுதச் செய்யுங்கள். மணல் அள்ளும் இடத்துக்கோ ஆலைக் கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கோ படம் எடுக்க மாணவரை அனுப்பாதீர்கள். அது பெரியவர்களின் பொறுப்பு.

பிள்ளைகளைப் பயமுறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். “உலகம் அழியப்போகிறதா?” என்று ஒரு குழந்தை திரும்பத் திரும்பக் கேட்டால், தூக்கம் கெட்டால், அது சூழலியல் பதற்றத்தின் (சுற்றுச்சூழல் பற்றிய ஓயாத அச்சம்) அறிகுறியாக இருக்கலாம். வெள்ளத்தில் மிதக்கும் உடல்கள், எரியும் காடுகள் போன்ற படங்களை ஆரம்ப வகுப்புகளில் காட்ட வேண்டாம். அந்த வயதுக்குப் பார்த்து ரசிப்பதே போதும். அளப்பது நடுநிலை வகுப்புக்கும், காரணம் கேட்பது உயர்நிலைக்கும் பொருந்தும். ஒரு சிக்கலைச் சொன்னால் கூடவே தீர்ந்த அல்லது தீர்ந்துவரும் ஒன்றையும் சொல்லுங்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்ட வரும் பறவைகளுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. இது பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் உள்ள சான்று.

சில குறுக்குவழிகளையும் தவிருங்கள். சருகை எரித்தால் இடம் சுத்தமாகாது, புகைதான் மிஞ்சும். விதைப்பந்துகளைக் கண்ட இடத்தில் வீசுவதால் காடு உருவாகிவிடாது. அந்த மண்ணுக்குரிய மரமா, அங்கே முளைத்தால் யார் காப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். ஜூன் 5 அன்றே நட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முதன்மை மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அப்போது நட்டால் வேர் பிடிக்கும். கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதைப் பெயரோடு எழுதிய பிறகு, காப்பாற்ற முடிந்த எண்ணிக்கையை மட்டும் நடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முயல வேண்டாம். குப்பை, தண்ணீர், மரம் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்து, ஆண்டு முழுவதும் விடாமல் அளந்து, ஒரு மனுவாவது எழுத வையுங்கள். ஓர் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வைத்த வகுப்பு, பத்து முழக்க அட்டை எழுதிய வகுப்பைவிட அதிகம் கற்றிருக்கும். இந்த வாரமே ஒரு நாள் குப்பையை எடை போட்டுத் தொடங்குங்கள்.