பழைய பொருளில் பிள்ளைக்கு ஒரு மின் கிட்டார்



"அம்மா, எனக்கு கிட்டார் வேணும்" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்கிறோம்? "காசு ஏது, போய்ப் படி" என்கிறோம். மனசு கேட்காவிட்டால் குழுவில் உள்கடன் எடுத்து வாங்கித் தருகிறோம். இரண்டும் வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து நாமே செய்யலாம்.

1963-ல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற 16 வயதுப் பையன் வீட்டில் கிட்டார் வாங்க வசதியில்லை. அப்பாவும் மகனும் சேர்ந்தே ஒன்று செய்தார்கள். குளிர் காயும் அடுப்பின் பழைய மரச்சட்டம், மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங், அம்மாவின் பொத்தான்கள், அம்மாவின் பின்னல் ஊசி நுனி எல்லாம் அதில் சேர்ந்தன. பிறகு 'குயின்' இசைக்குழுவில் உலகமெங்கும் அதையே வாசித்தார். நமக்குத் தொடக்கத்தில் ஒரே கம்பி போதும்.

தேவையானவை

* 3 அடி ரீப்பர் கட்டை
* சைக்கிள் பிரேக் ஒயரில் பிரித்த ஒரு கம்பி இழை
* ஒரு ஸ்குரூ, வளையத் தலை ஸ்குரூ ஒன்று, தடித்த போல்ட் இரண்டு
* பழுதான பாட்டுப் பொம்மையில் உள்ள பீசோ வட்டு (மஞ்சள் தகடு, நடுவில் வெள்ளை, இரண்டு ஒயர்)
* பின்னோடு பழைய மைக் ஒயர்

செய்முறை

1. கட்டையின் ஒரு முனையில் ஸ்குரூ, மறுமுனையில் வளைய ஸ்குரூ இறுக்கி, இரண்டுக்கும் நடுவே கம்பியைக் கட்டுங்கள். வளையத்தைத் திருகினால் கம்பி விறைக்கும்.
2. கம்பிக்கு அடியில் இரண்டு போல்ட்டையும் 60 செ.மீ. இடைவெளியில் செருகுங்கள்.
3. ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் வட்டை மரத்தோடு அழுத்தி ஒட்டுங்கள். அதன் இரண்டு ஒயரையும் மைக் ஒயரோடு இணைக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் கடையில் ஈயம் வைத்துத் தருவார்கள்.
4. பின்னை பேட்டரி ஸ்பீக்கரின் மைக் துளையில் செருகுங்கள். கம்பி அதிரும்போது வட்டும் அதிர்ந்து சிறிதளவு மின்சாரம் உண்டாக்கும். ஸ்பீக்கர் அதைப் பெரிய சத்தமாக்கும்.

சுரம் எங்கே?

வட்டு உள்ள போல்ட்டிலிருந்து ஸ்கேலால் அளந்து கோடு போடுங்கள்: ரி 53, க 48, ம 45, ப 40, த 36, நி 32, மேல் ச 30 செ.மீ. அழுத்தாமல் மீட்டினால் ச. கம்பி பாதியானால் மேல் ச வருகிறது பாருங்கள், பிள்ளைக்கு இது கணக்குப் பாடமும்தான்! காதால் கேட்டு கோட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம்.

கவனம்! கவனம்!

* பின்னையோ ஒயரையோ சுவர் பிளக்கில் ஒருபோதும் செருகக்கூடாது. ஸ்பீக்கர் சார்ஜ் ஆகும்போது வாசிக்கக்கூடாது.
* பாகத்துக்காகப் பழைய டிவியைப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். செல்போன் பேட்டரியையும் உடைக்காதீர்கள்.
* கம்பி அறுந்தால் கண்ணில் அடிக்கும். முகத்தை விலக்கி, மெதுவாக முறுக்குங்கள். முனையை உள்ளே மடக்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீட்டுப் பழைய பொருட்களில் எவை பிள்ளைகளுக்குப் பயன்படும்?
2. ஸ்குரூ டிரைவரை மகனிடம் மட்டும் கொடுக்கிறோமா, மகளிடமும் கொடுக்கிறோமா?
3. பிள்ளை கேட்டதை வாங்கித் தருவது, சேர்ந்து செய்து தருவது: இரண்டில் எது அதன் மனசில் நிற்கும்?