அரைநிலா மேகசினும் ஆறரை விநாடிக் கதையும்

படைக்கலங்களைப் பற்றி எழுதுவோரிடையே 'உலகின் மிக மோசமான துப்பாக்கிகள்' என்றொரு பட்டியல் நெடுங்காலமாகக் கைமாறி வருகிறது. அதில் இடம்பெறும் கருவிகளைக் கையிலெடுக்கும் பழகிய சுடுநர், இதை வரைந்தவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் துப்பாக்கி சுட்டிருப்பாரா என்று வியப்பது இயல்பே. அக்கருவிகளின் குறைகளில் பல மெய்யானவை; அக்குறைகளுக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதைகளே பெரும்பாலும் ஆராயாமல் ஏற்கப்பட்டவை.

நம்பிக்கை: முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை ஏந்திய சோஷா இலகு இயந்திரத் துப்பாக்கி, துப்பாக்கித் தொழிலே அறியாத சைக்கிள் கம்பெனி ஒன்று செய்த கேலிப்பொருள்.

இதில் சைக்கிள் கம்பெனி என்ற பகுதி மட்டும் உண்மை. பாரிசுக்கு அருகே இருந்த கிளாடியத்தர் தொழிற்சாலைதான் இத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்தது. ஆயினும் அடிப்படை வடிவமைப்பு, போருக்கு முன்பே லூயி சோஷா என்ற படை அதிகாரியும் அவருடன் பணியாற்றிய சுட்டேரும் அரசுப் படைக்கலச் சாலையில் பல ஆண்டுகள் சோதித்து உருவாக்கியதாகும். 1914இல் ஜெர்மானியர் பிரான்சின் வடகிழக்குத் தொழிற்பகுதிகளைக் கைப்பற்றிய பின், அரசு ஆலைகள் பீரங்கிக்கும் குண்டுகளுக்குமே போதாமல் திணறிய நிலையில், எஃகுக் குழாய்களையும் அழுத்தி வடித்த தகடுகளையும் கொண்டு சாதாரணப் பட்டறையில் செய்யத்தக்க துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. சைக்கிள் சட்டம் செய்பவனுக்குக் குழாயும் தகடும் கைவந்த பொருள்கள் என்பதை நினைத்தால், அத்தேர்வு பேதைமையாகத் தோன்றாது. குழலைக்கூடப் புதிதாகச் செய்யாமல், லெபெல் ரைபிளின் குழலையே குறுக்கிப் பொருத்தினர். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இவ்வழியில் வெளிவந்தன.

தோற்றத்தில் எல்லோரையும் முகஞ்சுளிக்க வைப்பது அடியில் தொங்கும் அரைநிலா வடிவ மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பேழை. அவ்வடிவம் வடிவமைப்பாளரின் விருப்பத்தால் வந்ததன்று. உலோக உறை, வெடிமருந்து, முனையிலுள்ள குண்டு ஆகியவை அடங்கியதே தோட்டா. 1886இல் பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட லெபெல் தோட்டாவின் உறையோ அடியில் விளிம்புடன் பருத்து, மேலே செல்லச் செல்லச் சட்டென ஒடுங்குவது. அடி பருத்து நுனி சிறுத்த பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அவை வட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் வளையும் என்பதால், இருபது தோட்டாக்களுக்கு அரைநிலாவைத் தவிர வேறு வழியில்லை. மெய்யான தவறு வேறிடத்தில் நேர்ந்தது. எஞ்சியுள்ள தோட்டாக்களைக் கண்ணால் காணட்டும் என்று மேகசினின் வலப்பக்கத்தைத் திறந்துவிட்டனர். சுடுதளத்தில் வசதியாகத் தெரிந்த அத்திறப்பு, பதுங்குகுழியில் சேறு நுழையும் வாசலாயிற்று. தகடும் மெல்லியது, சுருள்வில்லும் வலுவற்றது. துப்பாக்கி இடையில் நின்றுபோவதற்கு மேகசினே தலையாய காரணமாக இருந்தது.

இரண்டாவது குறை இயக்கமுறையிலேயே இருந்தது. ஒவ்வொரு வெடிப்பின்போதும் குழலும் அதன் பின்வாயை அடைக்கும் போல்ட்டும் இணைந்தபடியே இறுதிவரை பின்னோக்கி ஓடி, பிறகு குழல் முதலிலும் போல்ட் அடுத்தும் முன்னே திரும்பும் 'நெடும்பின்னோட்ட' முறை இதில் கையாளப்பட்டது. எனவே தொடர்ந்து சுட்டுச் சூடேறிய குழல் விரிந்து, தன் உறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால், அது ஆறும்வரை சுடுநர் காத்திருப்பதன்றி வேறு செய்வதற்கில்லை. இவ்வளவு கனமான பகுதிகள் ஓடித் திரும்ப வேண்டியிருந்ததால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 குண்டுகள் என்ற மெதுவான வேகமே கிடைத்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது: அக்காலப் படைவீரனுக்கு வேறு எது கிடைத்தது? பிரெஞ்சுப் படையின் ஹாட்ச்கிஸ் இயந்திரத் துப்பாக்கி, முக்காலியைச் சேர்த்தால் ஐம்பது கிலோவை நெருங்கியது. பிரிட்டானியரின் லூயிஸ் துப்பாக்கி பன்னிரண்டு கிலோவுக்கு மேல். சோஷாவின் எடை ஒன்பது கிலோ. முன்னேறும் காலாட்படையோடு ஒருவனே தோளில் வாரிட்டு, நடந்தபடி சுடக்கூடிய தானியங்கித் துப்பாக்கியை இலட்சக்கணக்கில் வழங்கிய முதல் படை பிரெஞ்சுப் படையே. 1917க்குள் அதன் சிறு காலாட்படைப் பிரிவுகளின் போர்முறையே இத்துப்பாக்கியைச் சுற்றி அமைக்கப்பட்டுவிட்டது. மோசமான துப்பாக்கியும் இல்லாத துப்பாக்கியும் மட்டுமே எதிரில் இருக்கும்போது, முன்னதைத் தேர்ந்தவர்களை நூறாண்டு கழித்து எள்ளுவது எளிது.

இங்கேதான் திருத்தமே ஒரு நம்பிக்கையாக மாறிய வேடிக்கையும் நிகழ்ந்தது. சோஷாவுக்காக வாதிடுவோர், 'கெட்ட பெயர் முழுவதும் அமெரிக்கர்களுக்காகச் செய்த வகையால் வந்ததே' என்று கூறி முடித்துவிடுவர். அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றியமைத்த 1918ஆம் ஆண்டு வகை உண்மையிலேயே படுமோசமானது: தோட்டா அமரும் வெடியறை உரிய அளவுக்குக் கடையப்படாததால், சற்றே சூடேறியதும் சுட்ட தோட்டாவின் உறை உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அவ்வகை ஏறத்தாழ 19,000 செய்யப்பட்டபோதிலும் களத்துக்குச் சென்றவை சிலவே. பிரான்சில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பெரும்பாலும் சுமந்து, சபித்தது பிரெஞ்சுத் தோட்டாவுக்குரிய மூல வகையைத்தான். அவர்களின் நாட்டிலேயே பிரவுனிங் தானியங்கி ரைபிள் என்ற மேம்பட்ட கருவி உருவாகியிருந்தும், அது எதிரியிடம் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தால் தளபதி பெர்ஷிங் 1918 செப்டம்பர் வரை அதைக் களத்தில் இறக்காமல் வைத்திருந்தார். ஆகவே அமெரிக்க வீரனின் வசவில் ஒரு பங்கு துப்பாக்கிக்கும், மறுபங்கு தன் மேலிடத்துக்கும் உரியதென்று கொள்வதே பொருந்தும்.

நம்பிக்கை: ஜப்பானின் 94ஆம் வகைக் கைத்துப்பாக்கி, சரணடைவதுபோல் நடித்து எதிரியைச் சுடுவதற்கென்றே பக்கவாட்டில் ஒரு மறைவிசையுடன் செய்யப்பட்டது.

ஜப்பானியப் பேரரசின் தொன்ம ஆண்டுக்கணக்கில் 2594 ஆகிய 1934ஆம் ஆண்டைக் குறிக்கும் இப்பெயருடைய கைத்துப்பாக்கி, விமானிகள், டாங்கி வீரர்கள் போன்று குறுகிய இடத்தில் அமர்வோரை நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டது. சுத்தியலைப் பின்னிலையில் பிடித்து நிறுத்தி, விசையை இழுத்ததும் விடுவிக்கும் கொக்கியைச் சியர் என்பர். பெரும்பாலான துப்பாக்கிகளில் உடலுக்குள் ஒளிந்திருக்கும் இந்த உறுப்பு, இதில் இடப்பக்கத்தின் வெளிப்புறத்தில் நீண்ட பட்டையாக ஓடுகிறது; தோட்டா ஏற்றிய நிலையில் அப்பட்டையின் குறிப்பிட்ட இடத்தை அழுத்தினால், விசையைத் தொடாமலேயே துப்பாக்கி வெடித்துவிடும். பாதுகாப்புத் தாழைப் போட்டுவிட்டால் இது நேராது. தந்திரத்துக்காக இவ்வாறு அமைத்தனர் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. எதிரியைச் சுட விரும்புபவனுக்கு விசையே இருக்கும்போது பக்கவாட்டுப் பட்டை எதற்கென்று கேட்டாலே கதை தளர்ந்துவிடும். ஆனால் வஞ்சகம் இல்லை என்பதால் வடிவமைப்பு நியாயமாகிவிடாது. இத்தகைய ஆபத்தை வெளியே தொங்கவிட்ட கருவியை ஏறத்தாழ 71,000 எண்ணிக்கையில் செய்து முடிக்கும்வரை யாரும் திருத்தவில்லை என்பதே உண்மையில் வியப்புக்குரியது.

நம்பிக்கை: லிபரேட்டர் கைத்துப்பாக்கியைச் செய்ய ஆறரை விநாடியே ஆயிற்று, தோட்டா நிரப்ப அதைவிட அதிக நேரம் பிடித்தது. விமானங்கள் அதை ஐரோப்பாவெங்கும் மழையாகப் பொழிந்தன.

1942இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த விளக்குத் தொழிற்சாலை ஒன்று ஏறத்தாழ பதினொரு வாரங்களில் பத்து இலட்சம் லிபரேட்டர்களைச் செய்தது. அவ்வாரங்களின் விநாடிகளைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் ஆறரைக்குச் சற்று மேலே விடை வரும். கதையின் தோற்றுவாய் அந்த வகுத்தலே. நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் பல மேசைகளில் உழைத்ததன் சராசரியை ஒரு துப்பாக்கியின் பிறப்பு நேரமாகக் கொள்வது, மணிக்கு ஆயிரம் படிகள் அச்சாகும் நாளிதழை ஏறத்தாழ மூன்றரை விநாடியில் எழுதி முடித்தார்கள் என்று சொல்வதைப் போன்றது. நிரப்புவது தாமதம் என்பது மட்டும் மெய்: ஒரு முறைக்கு ஒரே குண்டு, சுட்ட உறையை வெளித்தள்ளும் அமைப்பு கிடையாது, கூடவே கொடுத்த மரக்குச்சியால் குத்தித்தான் அதை எடுக்க வேண்டும். குழலின் உட்புறத்தில், குண்டைச் சுழலச் செய்து நேர்வழியில் செலுத்தும் சுருள்வரிகளும் இல்லாததால், சில மீட்டருக்கு அப்பால் குறிதவறுவது ஏறத்தாழ உறுதி.

சுடுநர்களைத் திகைக்க வைக்கும் இக்குறைகள் அனைத்தும் தெரிந்தே ஏற்கப்பட்டவை. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் எதிர்ப்பாளன் ஒருவன், காவல் நிற்கும் வீரனை மிக அருகில் ஒருமுறை சுட்டு, அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே திட்டம். அதற்கெனப் பத்துத் தோட்டாக்களும், எம்மொழியினரும் புரிந்துகொள்ள எழுத்தே இல்லாத படவிளக்கத் தாள் ஒன்றும் பெட்டியில் வைக்கப்பட்டன. ஐரோப்பாவிலிருந்த நேசநாட்டுத் தலைமை இத்திட்டத்தில் ஆர்வம் காட்டாததால், பெருமழையென்று சொல்லப்படும் விநியோகம் அங்கே நிகழவேயில்லை. சிறு பங்கு சீனம், பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களுக்குச் சென்றது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, எவர் கையிலும் சேராமலேயே பிற்பாடு அழிக்கப்பட்டது.