மொட்டைமாடியில் ஒரு மானியம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசி டீக்கடைகளில் பேச்சு நீளும். இப்போதைய பேச்சு மின்சார கார். "ரெண்டு லட்சம் கவர்மென்ட்டே தருதாம்லா!"

தரவில்லை. 2019-இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலேயே கார் மானியம் வாடகை வண்டிகளுக்குத்தான் இருந்தது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் காருக்கு இடமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கு வாங்கிய மானியம்தான் வாய் மாறி வாய் மாறிக் காருக்கும் ஏறிவிட்டது.

லாபம் வரியில் இருக்கிறது. மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் 18. தமிழக அரசின் 2023-ஆம் ஆண்டுக் கொள்கை, சாலை வரி முழு விலக்கை 2025 டிசம்பர் வரை தந்தது. வண்டி எடுக்கும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், ஷோரூமில் அல்ல. கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். 2023 மார்ச்சுக்குள் அனுமதியான கடன்களுக்கே அது.

வீட்டில் சார்ஜ் போட லைசென்ஸ் வேண்டுமா? வேண்டாம், வீட்டு இணைப்பே போதும். "நூறு யூனிட் இலவசம், அப்புறம் என்ன செலவு?" என்பதுதான் பெரிய மயக்கம். அந்த நூறை ஃபிரிட்ஜும் மோட்டாரும் எப்போதோ குடித்துவிட்டன. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வையுங்கள். தினம் குற்றாலம் போய்வர 10 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்டுக்குள் முடியும். திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவர் கதை வேறு. தினம் 110 கிலோமீட்டர், இரண்டு மாதத்தில் ஐம்பது நாள் என்றால் 800 யூனிட்டை நெருங்கும். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறும். கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் சுருங்கும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் ஓசி இல்லை.

திருநெல்வேலி போகிற இவருக்கு உதவும் மானியம் ஒன்று உண்டு. அதில் காரின் பெயர் இல்லாததால் யாரும் பேசுவதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டம், மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் தருகிறது. பொருத்தி முடித்த பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் நாம் புரட்ட வேண்டும். பகலில் கார் திருநெல்வேலியில் நிற்குமே என்று கேட்கலாம். பகலில் மாடி அனுப்பும் கரண்டை, ராத்திரி சார்ஜில் கழித்துக்கொள்ள நெட் மீட்டர் இருக்கிறது. சீசன் மேகத்தில் உற்பத்தி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சாரலில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்குமா? காரின் சாக்கெட் மழையைத் தாங்கும்படி செய்ததுதான். பயப்பட வேண்டியது பழைய வீட்டு வயரிங்குக்கு. 15 ஆம்ப் பிளக்குக்குத் தனி வயர், ஒழுங்கான எர்த், கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஒரு ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள். அந்த எலெக்ட்ரீஷியன் கூலிக்கு எந்தத் திட்டத்திலும் மானியம் கிடையாது.