பாதிப் பணம்தான் கிடைக்குமா?

கேள்வி: என்னிடம் ஒரு ஃபைபர் போட்டும் எஞ்சினும் இருக்கின்றன. 2021இல் இரண்டுக்கும் சேர்த்து 6 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்து, அதே தொகைக்கே வருடா வருடம் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். இந்தக் கச்சானில் நங்கூரக் கயிறு அறுந்து போட் கல்லில் மோதிவிட்டது. திருத்த 4 இலட்சம் கேட்கிறார்கள். கம்பனியோ, "இன்றைய விலை 12 இலட்சம், நீங்கள் பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், 2 இலட்சம்தான் தரலாம்" என்கிறது. இது நியாயமா?
— மீனவர், பள்ளிவாசல்துறை

பதில்: கம்பனி போட்ட கணக்கு சட்டத்தில் உள்ளதுதான். அந்த 12 இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கடல்சார் விடயங்களில், நம் நாட்டில் வேறு சட்டம் இல்லாதவரை, இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விதித்தது. அதனால் கற்பிட்டிக் கரையில் உடைந்த போட்டுக்கும் இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்புறுதிச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. பெறுமதியைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்தவர் மீதிப் பங்கைத் தானே சுமக்க வேண்டும் என்கிறது அதன் 81ஆம் பிரிவு.

முதலில் பத்திரத்தின் அட்டவணைப் பக்கத்தை எடுங்கள். "அக்ரீட் வேல்யூ" என்று ஒரு தொகை இருந்து, அதுவும் 6 இலட்சமாக இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். மோசடி இல்லாதவரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பெறுமதியைக் கம்பனி பிறகு கிளற முடியாது. வெறும் "சம் இன்ஷூர்ட்" மட்டும் இருந்தால் பெறுமதியைக் கணக்கிட்டாக வேண்டும். ஆனால் எந்த நாளின் பெறுமதி? 16ஆம் பிரிவின்படி, காப்பு தொடங்கிய நாளின் பெறுமதி. உங்களுக்கு அது கடைசியாகப் புதுப்பித்த நாள். அதுவும் உங்கள் போட்டின் பெறுமதி, கடையில் நிற்கும் புதுப் போட்டின் விலை அல்ல. வருடக்கணக்காக உப்பும் வெயிலும் தின்ற போட்டும் எஞ்சினும் அன்று 8 இலட்சம்தான் பெறும் என்று நிறுவினால், உங்களுக்கு 3 இலட்சம் வரவேண்டும் (பத்திரத்தில் 'எக்சஸ்' இருந்தால் அது கழியும்). பெறுமதிக்குப் புது விலையையும், திருத்தச் செலவில் பழசு என்று கழிவையும் ஒரே அறிக்கையில் போடும் மதிப்பீட்டாளர்களும் உண்டு. அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்க வேண்டாம். கம்பனிக்கு எழுதியும் பலனில்லையேல் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். எழுத்து ஒப்பந்தத்தின்மேல் வழக்குப் போடக் காலவிதிப்புச் சட்டம் 6 வருடம் தருகிறது. சில பத்திரங்கள் அதைவிடக் குறுகிய கெடு வைப்பதால் நிபந்தனைகளையும் வாசியுங்கள்.

அடுத்த புதுப்பித்தலுக்கு ஒரு வார்த்தை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதி எஞ்சினின் விலையும் கூடவே ஏறியது. உங்கள் 6 இலட்சம் மட்டும் அசையவில்லை. தொகையைக் கூட்டினால் கட்டுப்பணமும் கூடும். அது கட்டுப்படியாகாவிட்டால், முழு இழப்புக்கு மட்டுமான காப்புறுதி கிடைக்குமா என்று கேளுங்கள். பலகை வெடித்தால் கடன்பட்டாவது ஒட்டிவிடலாம். போட்டே போனால்தான் குடும்பம் எழும்ப முடியாது.