ராமானுஜனுக்கும் திரும்பி வந்தது

கேள்வி: கொசுப்புழு பற்றிய என் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பப்போகிறேன். எதில் கவனம் வேண்டும்? (வாசகி, உறுவையாறு)

பதில்: தெளிவில். ராமானுஜனின் முதல் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியது. 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் வெளிவருமுன் அது ஆசிரியர் நாராயண ஐயங்காரிடமிருந்து பலமுறை திருத்தத்துக்குத் திரும்பியது. கருத்து புதிது, ஆனால் சாதாரண வாசகருக்குப் பிடிபடாத அளவு சுருக்கம். மேதைக்கே அப்படி என்றால், நமக்கு அதில் வெட்கம் எதற்கு?

புழுக்களை எந்த நீர்நிலையில், எந்த மாதம், எத்தனை முறை எடுத்தீர்கள்? உறுவையாற்றைப் பார்த்தேயிராத ஒருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்யும்படி எழுதுங்கள். இதழின் விதிமுறைகளை வரி விடாமல் படியுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாக வரும் மின்னஞ்சல்களை நம்பவே நம்பாதீர்கள், அம்மா.