வீட்டுப் பட்டறையில் தந்திக் கருவிகள்

பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் தஞ்சாவூர் வீணை 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபூ தீவில் கிதாருக்கும் பலா மரம் பயன்படுகிறது. ஆதலின் விக்கிரமசிங்கபுரத்தைச் சூழ்ந்த தாமிரபரணிப் பகுதி ஊர்களின் தச்சிளைஞர்கள் கிதார், யுகுலேலி ஆகியவற்றையும் குடிசைத் தொழிலாகப் பயிலலாம். அதற்கு இரண்டு செய்திகள் இன்றியமையாதன.

முதலாவது, மரம். ஈரம் உலராத பலகை பின்னர்ச் சுருங்கி வெடிக்கும். அறுத்த பலகைகளை, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட உலர்த்துக. ஓரங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும்.

இரண்டாவது, அளவு. வீணையின் மெழுகை இளக்கி மெட்டைத் திருத்தலாம். கிதாரின் மெட்டோ மரத்தில் பதிக்கப்படுவதால் பிழை நிலைத்துவிடும். மேரு முதல் குதிரை வரையுள்ள தந்தியின் நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். 650 மில்லிமீட்டர் தந்திக்கு அது 36.5 மில்லிமீட்டர். எஞ்சிய நீளத்தை அவ்வாறே மீண்டும் வகுத்து அடுத்த மெட்டைக் குறிக்க. 12-ஆம் மெட்டு சரிபாதியான 325 மில்லிமீட்டரில் அமைதல் வேண்டும். அமையாவிடில் கணக்கில் பிழையுண்டு.

அளவை இளைஞர் கற்றுக்கொள்வர். மரத்தை ஊரே வளர்த்தல் வேண்டும். பலா முற்றப் பல்லாண்டுகள் ஆகும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் பொது நிலத்தில் பலாக் கன்றுகளை நட்டு, பலகை உலர்த்தக் கொட்டகை ஒன்றும் அமைப்பாராயின், இத்தொழில் ஊரில் வேரூன்றும்.